அமிலத்திலும் கரையாத சுவர்: பீர்பால் சாஹ்னி

மகரந்தமணி ஒன்று சேற்றில் விழுந்தால் உள்ளேயிருக்கும் உயிர்ப்பொருள் விரைவில் அழுகிவிடும். வெளிச்சுவர் அப்படியல்ல. ஸ்போரோபொலெனின் என்ற பொருளாலான அது, பாறையையே கரைக்கும் அமிலத்திலும் கரையாது. சுவரிலுள்ள முள்ளும் துளையும் வரியும் தாவரத்துக்குத் தாவரம் வேறுபடும். சேறு கல்லாகிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் சென்ற பின்னரும், எவ்வகைத் தாவரத்தினது என்று அறிய அந்தச் சுவர் உதவும். இந்தியாவில் இந்த ஆய்வு வேரூன்றக் காரணமானவர்களில் முதன்மையானவர் பீர்பால் சாஹ்னி.

1891 நவம்பர் 14 இல் பஞ்சாபின் பேரா என்ற ஊரில் பிறந்தார். தந்தை ருச்சி ராம் லாகூரில் இரசாயனவியல் பேராசிரியர். லாகூரிலும் கேம்பிரிட்ஜிலும் கற்ற சாஹ்னி, 1921 இல் லக்னோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியரானார்.

அவரது மாணவி சின்னா விர்க்கி 1937 இல் ஒரு செய்தியை வெளியிட்டார். இந்தியாவினதும் அவுஸ்திரேலியாவினதும் மிகப் பழைய பாறைகளில் சிறகுள்ள மகரந்தமணிகள் இருந்தன. இன்று பெருங்கடல் பிரிக்கும் இரு நிலங்களும் ஒருகாலத்தில் ஒன்றாயிருந்தன என்ற கருத்துக்கு இத்தகைய சான்றுகள் வலுச்சேர்த்தன.

சாஹ்னி சறுக்கிய இடமும் உண்டு. பேராவுக்கு அருகேயுள்ள உப்புமலைத் தொடரின் உப்புப் படிவுகளில் நுண்ணிய மரத் துணுக்குகளும் பூச்சித் துணுக்குகளும் கிடைத்தன. அவற்றைக் கொண்டு, அந்தப் படிவுகள் சுமார் 5 கோடி ஆண்டுகள் பழமையானவை என்று 1940களில் வாதிட்டார். அவை 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியவை என்பதே இன்றைய முடிவு. துணுக்குகள் பின்னாளில் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவையாகவே கருதப்படுகின்றன. அழியாமல் கிடைக்கும் ஒன்று தான் யார் என்று சொல்லும். எப்போது, எப்படி அங்கே வந்தது என்பதை நாம்தான் தேடியறிய வேண்டும்.

1947 இல் பிறந்த ஊரும், படித்த லாகூரும், வாதிட்ட மலையும் பாகிஸ்தானுக்குள் போயின. சாஹ்னி லக்னோவில் தன் வீட்டையும் நூல்களையும் சேகரித்த உயிர்ச்சுவடுகளையும் கொடுத்து ஓர் ஆய்வு நிறுவனத்தைக் கட்டியெழுப்பினார். 1949 ஏப்ரல் 3 இல் நேரு அதன் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். அந்தக் கல்லிலேயே உயிர்ச்சுவடுகள் பதிக்கப்பட்டிருந்தன. ஒரு வாரத்துக்குள், ஏப்ரல் 10 இல், மாரடைப்பால் சாஹ்னி காலமானார்.

மனைவி சாவித்திரி பொறுப்பை ஏற்றார். 1953 இல் கட்டடம் திறக்கப்பட்டது. பாறையைக் கரைத்து, கரையாமல் எஞ்சும் சுவர்களைத் தேடும் வேலை அங்கே இன்றும் நடக்கிறது.