சொய்சிரோ ஹொண்டாவும் சாமானியனின் மோட்டார் சைக்கிளும்

மாலை ஆறு மணிக்குப் பின்னர் வெள்ளவத்தையில் காலி வீதியோரம் நடந்து செல்வோருக்கு ஒரு காட்சி நன்கு பழக்கமானது. உணவகங்களின் வாசலில் சிறிய மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்க, முதுகில் சதுரப் பையைச் சுமந்த இளைஞர்கள் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி உணவுப் பொதிக்காகக் காத்திருப்பர். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கமும் இதே காட்சிதான். அவர்களுடைய வண்டிகளில் பெரும்பாலானவை 100 அல்லது 125 சி.சி. வலுவுடையவை. எந்த நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருந்தாலும், இவ்வகை வண்டிகளின் பூர்வீகத்தைத் தேடிச் செல்பவர்கள், இதேபோன்று உணவு சுமந்து திரிந்த ஜப்பானிய இளைஞர்களையும் அவர்களை மனதிற்கொண்டு ஒரு வண்டியை வடிவமைத்த கொல்லர் மகன் ஒருவரையுமே சென்றடைவர்.

சொய்சிரோ ஹொண்டா 1906 ஆம் ஆண்டு நவம்பர் 17 ஆம் திகதி, ஜப்பானின் ஹமாமட்சு நகருக்கு அண்மையிலுள்ள கிராமமொன்றில் பிறந்தார். தந்தை கிஹெய் இரும்புப் பட்டறை நடத்தியதோடு பழுதடைந்த துவிச்சக்கரவண்டிகளையும் திருத்திக் கொடுத்து வந்தார். தாய் நெசவு அறிந்தவர். கிராமத்திற்கு முதன்முதலாக மோட்டார் கார் வந்தபோது, அது சிந்திச் சென்ற எண்ணெயைத் தொட்டு முகர்ந்து பார்த்த சிறுவன் அவர். 1917 இல் அமெரிக்க விமானி ஒருவரின் சாகசக் காட்சியைக் காண்பதற்காகத் தந்தைக்குத் தெரியாமல் அவரது துவிச்சக்கரவண்டியை எடுத்துக்கொண்டு ஹமாமட்சுவுக்குச் சென்றார். அனுமதிச்சீட்டு வாங்கப் பணமில்லாததால் மரத்தில் ஏறி நின்று பார்த்தார். பாடசாலைப் படிப்பில் அவர் சிறந்து விளங்கியதாக எவரும் எழுதவில்லை.

1922 இல், பதினைந்து வயதில், டோக்கியோவிலிருந்த ஆர்ட் ஷோகாய் என்ற மோட்டார் திருத்தும் நிலையத்தில் பயிலுநராகச் சேர்ந்தார். இயந்திரங்களைத் தொடும் கனவோடு சென்றவருக்கு முதலில் கிடைத்தது முதலாளியின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அடுத்த ஆண்டு டோக்கியோவை அழித்த பெரும் பூமியதிர்ச்சியின் பின்னர் பலர் ஊர் திரும்பிவிட, எரிந்துபோன கார்களைத் திருத்தும் பணி எஞ்சிய சிலரின் கைகளுக்கு வந்தது. அவர்களில் ஒருவராக இருந்த ஹொண்டா, தொழிலை அங்கேயே கற்றார். 1928 இல் அந்நிலையத்தின் ஹமாமட்சு கிளையைத் தொடங்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

பழுது திருத்துவதில் நல்ல வருமானம் கிடைத்தும் அவர் திருப்தியடையவில்லை. பிஸ்டன் வளையங்களைத் தாமே தயாரிக்க முனைந்தார். வார்த்தெடுத்த வளையங்கள் உடைந்தன. ஏன் உடைகின்றன என்பது புரியவில்லை. முப்பது வயதைக் கடந்த நிலையில் ஹமாமட்சு தொழில்நுட்பக் கல்லூரிக்குச் சென்று, மாணவர்களோடு அமர்ந்து உலோகவியல் கேட்டார். வேண்டிய பாடங்களை மட்டும் கேட்டுவிட்டுப் பரீட்சைக்குத் தோற்றாததால் சான்றிதழ் கிடைக்கவில்லை. டொயோட்டா நிறுவனத்துக்கு மாதிரியாக வழங்கிய 50 வளையங்களில் மூன்று மாத்திரமே தேறின. பின்னர் அந்த நிறுவனத்துக்கே அவர் பெருமளவில் விநியோகித்தார். ஆண்கள் போர்முனைக்குச் சென்றுவிட்ட காலத்தில், பயிற்சியற்ற பெண்களும் இயக்கக்கூடிய விதத்தில் தமது இயந்திரங்களைத் தன்னியக்கமாக மாற்றினார். பயன்படுத்துபவரின் கையை நினைத்து இயந்திரத்தை அமைக்கும் இந்தப் பழக்கம் பின்னாளில் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது.

விமானக் குண்டுவீச்சும் 1945 ஜனவரியில் நிகழ்ந்த பூமியதிர்ச்சியும் தொழிற்சாலைகளை அழித்தன. எஞ்சியதை டொயோட்டாவுக்கு விற்றுவிட்டு ஏறக்குறைய ஓராண்டு சும்மா இருந்தார்.

தோல்வியுற்ற ஜப்பானில் அப்போது புகையிரதங்கள் தொங்கிச் செல்லும் கூட்டத்தால் நிரம்பி வழிந்தன. நகரவாசிகள் அரிசிக்கும் கிழங்குக்கும் தூரக் கிராமங்களுக்கு அலைந்தனர். கார் வாங்க எவரிடமும் பணமில்லை. பெற்றோல் பங்கீட்டில் கிடைத்தது. சந்தை ஆய்வாளர் எவரையும் அன்று அழைத்துக் கேட்டிருந்தால், மோட்டார் வாகனத்துக்குக் கேள்வியே இல்லை என்று எழுதிக் கொடுத்திருப்பார். நமது பாடசாலைகளில் பொருளியல் கற்றவர்களுக்குக் கேள்வி என்பது வெறும் விருப்பமல்ல, வாங்கும் சக்தியும் சேர்ந்தது என்பது தெரியும். அந்த இலக்கணத்தின்படி அவர் கூறியிருக்கக்கூடியது சரியே. ஆனால், உணவு தேடித் துவிச்சக்கரவண்டி மிதித்துச் சோர்ந்த பெண்களில் ஒருவர் ஹொண்டாவின் மனைவி சச்சி.

1946 இல், முன்னாள் இராணுவத்தின் வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் வழங்கிய சிறு இயந்திரங்கள் நண்பரொருவரிடம் கிடப்பதை ஹொண்டா கண்டார். அவற்றில் ஒன்றைத் துவிச்சக்கரவண்டியில் பொருத்தினார். முதல் மாதிரிக்கு எரிபொருள் தாங்கியாக அமைந்தது, குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்கும் வெந்நீர்ப் போத்தல். அதை ஓட்டிப் பார்த்தவர் சச்சி. பெற்றோல் போதாமையினால் பைன் மர வேரிலிருந்து வடித்த தைலத்தை அதில் கலந்தனர். ஏறக்குறைய 500 இயந்திரங்களும் விற்றுத் தீர்ந்தன. அதன் பின்னர் அவர் சொந்தமாகவே இயந்திரம் தயாரிக்கத் தொடங்கினார்.

இவ்விடயம் ஈழத்து வாசகர்களுக்கு அந்நியமானதல்ல. 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் புகை கக்கியபடி ஓடின. அவற்றிற் பல ஹொண்டா வண்டிகள். பைன் மரத் தைலத்தில் தொடங்கிய மரபு மண்ணெண்ணெயையும் சகித்துக்கொண்டதில் ஏதோ ஒரு பொருத்தம் இருக்கிறது.

1948 செப்டெம்பரில் பத்து இலட்சம் யென் மூலதனத்துடனும் 34 ஊழியர்களுடனும் ஹொண்டா மோட்டார் கம்பனி உருவானது. அடுத்த ஆண்டு தக்கியோ புஜிசாவா அதில் இணைந்தார். ஹொண்டாவின் வாழ்க்கையைப் பற்றி எழுதுபவர்கள் புஜிசாவாவைப் பின்தள்ளிவிடுவதுண்டு, அது அநீதி. இயந்திரம் ஒருவருக்கு, பணமும் விற்பனையும் மற்றவருக்கு எனப் பிரித்துக்கொண்ட இருவரும் அந்த எல்லையைக் கடைசிவரை மீறவில்லை. தலைவரின் உத்தியோகபூர்வ முத்திரை கூடப் புஜிசாவாவிடமே இருந்தது.

1952 இல், துவிச்சக்கரவண்டியின் பின்சில்லில் பொருத்தும் கப் என்ற சிறு இயந்திரத்தை விற்க, மோட்டார் வியாபாரிகளை நம்பாமல், நாடெங்குமுள்ள சுமார் 50,000 துவிச்சக்கரவண்டிக் கடைகளுக்குப் புஜிசாவா கடிதம் அனுப்பினார். வாங்கப் போகிறவன் ஏற்கெனவே நுழைந்து பழகிய கடை அதுதான் என்பதே அவரது கணக்கு. ஆயிரக்கணக்கான கடைகள் முன்பணம் செலுத்தி முகவர்களாயின. ஆயினும் இரண்டே ஆண்டுகளில் கம்பனி வங்குரோத்தின் விளிம்புக்குச் சென்றது. மூலதனத்தைப் பன்மடங்கு விஞ்சிய தொகைக்கு வெளிநாட்டு இயந்திரங்கள் வாங்கப்பட்டிருந்தன. புதிய வண்டிகளில் குறைபாடுகள் தோன்றின. வங்கியின் பொறுமையும் விநியோகத்தர்களின் பொறுமையுமே கம்பனியைக் காப்பாற்றின.

1956 இறுதியில் இருவரும் ஐரோப்பா சென்றனர். அங்குள்ள சிறு வண்டிகளைக் காட்டி, இவ்வாறான ஒன்று வேண்டுமென்று புஜிசாவா வற்புறுத்த, எதுவும் ஜப்பானிய வீதிகளுக்குப் பொருந்தாதென ஹொண்டா நிராகரித்தார். அன்று ஜப்பானிய வீதிகளிற் பெரும்பாலானவை தார் காணாதவை. நாடு திரும்பியதும் ஹொண்டா எதிரில் நிறுத்திக்கொண்டது சோபா நூடில்ஸ் கடைப் பையனை. ஒரு கையில் தட்டுகளை அடுக்கி ஏந்தி, மறு கையால் மட்டுமே வண்டியைச் செலுத்துபவன் அவன். ஆகவே இடது கையால் கிளச்சை இயக்கும் தேவை இருக்கக்கூடாது. இதற்காகத் தானாக இயங்கும் கிளச் உருவாக்கப்பட்டது. கியரைக் காலாலேயே மாற்றலாம். பாவாடை அணிந்த பெண்ணும் ஏறியமரும் விதமாக நடுப்பகுதி தாழ்த்தப்பட்டது. சேறு தெறிக்காதிருக்க முன்னால் பிளாஸ்டிக் கவசமும், உடையில் கறை படாதிருக்கச் சங்கிலிக்கு முழு மூடியும் சேர்க்கப்பட்டன. சிறு வண்டிகளில் எண்ணெய் கலந்து எரிக்கும் இரண்டடி இயந்திரமே வழக்கமாயிருந்த காலத்தில், 50 சி.சி. நான்கடி இயந்திரத்திலிருந்து 4.5 குதிரைவலு பெறப்பட்டது.

மாதிரியைப் பார்த்த புஜிசாவா, மாதமொன்றுக்கு 30,000 வண்டிகளை விற்கலாமெனக் கணித்தார். அன்று ஜப்பானின் எல்லா நிறுவனங்களும் சேர்ந்தே மாதத்துக்கு ஏறத்தாழ 20,000 மோட்டார் சைக்கிள்களைத்தான் விற்றன. அதுவரை மோட்டார் சைக்கிள் வாங்கியவர்களை மட்டும் எண்ணியிருந்தால் அந்தக் கணிப்பு பைத்தியக்காரத்தனம். அவர் எண்ணியது அதுவரை வாங்காதவர்களை. 1958 ஓகஸ்டில் 55,000 யென் விலையில் சுப்பர் கப் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானவை தயாராகின. மாதம் 30,000 வண்டிகளுக்கென சுசுக்காவில் புதிய தொழிற்சாலை 1960 இல் எழுந்தது.

அமெரிக்காவில் இதே பாடத்தை அக்கம்பனி தடுமாறியே கற்றது. 1959 இல் லொஸ் ஏஞ்சல்ஸில் கடை திறந்தவர்கள் பெரிய வண்டிகளையே விற்க விரும்பினர். அமெரிக்கரின் நீண்ட ஓட்டங்களைத் தாங்காமல் அவற்றில் எண்ணெய் கசிந்தது, கிளச் தேய்ந்தது. ஊழியர்கள் சில்லறை வேலைகளுக்கு ஓடித்திரிந்த சுப்பர் கப்பைத்தான் வீதியில் நின்றவர்கள் விசாரித்தனர்.

இலங்கைக்கு வந்த 50, 70, 90 சி.சி. ஹொண்டாக்கள் ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், தபால் ஊழியர்கள் ஆகியோரின் வாகனங்களாயின. இக்கட்டுரையாளர் பத்திரிகைத்துறையில் நுழைந்த காலத்தில், கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, நண்பரொருவரின் ஹொண்டா 90 இன் பின்னாசனத்திலேயே சென்றுவந்தார். அதற்குரிய உதிரிப்பாகம் எதுவும் பஞ்சிகாவத்தையில் கிடைக்காமற்போனதில்லை. இந்தியாவில் 1984 இல் ஹீரோ குழுமத்துடன் ஹொண்டா கூட்டுச் சேர்ந்து, மறு ஆண்டு வெளியிட்ட சி.டி. 100, ஒரு லீற்றரில் கூடுதல் தூரம் என்பதையே விற்பனைப் பொருளாக்கியது. பஜாஜ், டி.வி.எஸ். வண்டிகளும் அவ்வழியே நமது வீதிகளை நிறைத்தன.

ஹொண்டாவைத் துதிபாடுவது நமது நோக்கமல்ல. அவர் கடுங்கோபக்காரர், தொழிற்சாலையில் ஊழியர்மீது கருவிகளை வீசியெறிந்தவர். காற்றால் குளிரும் இயந்திரமே சிறந்ததென்ற பிடிவாதத்தில் 1968 இல் பந்தயக் காரொன்றைக் களமிறக்கினார். பிரான்ஸில் அக்கார் தீப்பற்றி, ஓட்டுநர் ஜோ ஷ்லெசர் உயிரிழந்தார். அதன் பின்னரும் தமது காருக்கு அதே முறையையே வற்புறுத்தினார். இளம் பொறியியலாளர்கள் எதிர்த்து நிற்க, புஜிசாவா தலையிட்ட பிறகே இறங்கிவந்தார். சாமானியனின் தேவையைச் சரியாகக் கேட்ட செவி, தமது பொறியியலாளர்களுக்கு வெகுகாலம் மூடியிருந்தது.

நமது நாட்டில் பதிவுசெய்யப்பட்ட வாகனங்களில் பாதிக்கும் அதிகமானவை மோட்டார் சைக்கிள்கள். இருந்தும், 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காக்க வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, சொகுசுக் காருக்கும் நூறு சி.சி. வண்டிக்கும் ஒரே கதவுதான் சாத்தப்பட்டது. பாவித்த சிறு வண்டிகளின் விலை வெகுவாக ஏறியது. 2022 இல் எரிபொருள் வரிசைகளின் பின்னர் வந்த பங்கீட்டு முறையில், ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் மட்டுமே. அந்த நான்கு லீற்றரில் ஒரு வாரத்தை ஓட்ட முடிந்தது சிறிய இயந்திரம் என்பதனாலேயே. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்படும்வரை, உணவுப் பை சுமக்கும் தொழிலில் புதிதாக இறங்க விரும்பிய இளைஞனுக்கு வேலை இருந்தது. எட்டும் விலையில் வண்டி இருக்கவில்லை. இதனைக் கேள்வி வீழ்ச்சி என்று அட்டவணையிற் காட்டலாம். 1946 இன் ஹமாமட்சுவிலும் அட்டவணை அவ்வாறுதான் காட்டியிருக்கும்.

1973 இல், கம்பனியின் 25 ஆவது ஆண்டில், ஹொண்டாவும் புஜிசாவாவும் ஒன்றாகவே ஓய்வுபெற்றனர். பிள்ளைகளுக்குப் பதவியை வைத்துச் செல்லவில்லை. ஓய்வின் பின்னர் ஹொண்டா நாடெங்கும் பயணித்து, தமது தொழிற்சாலைகளிலும் விற்பனை நிலையங்களிலும் பணிபுரிந்தோரை நேரிற் கண்டு நன்றி கூறினார். புஜிசாவா 1988 இல் காலமானார். சுப்பர் கப் வகையின் மொத்த உற்பத்தி 2017 இல் பத்துக் கோடியைத் தாண்டியது. புகை வெளியேற்ற விதிகள் இறுகியதால், ஜப்பானில் அதன் 50 சி.சி. வடிவத்தின் உற்பத்தி 2025 மே மாதத்தில் முடிவுக்கு வந்தது. 110, 125 சி.சி. வடிவங்கள் தொடர்கின்றன.

சொய்சிரோ ஹொண்டா 1991 ஓகஸ்ட் 5 ஆம் திகதி ஈரல் நோயினால் மறைந்தார். கம்பனியின் பெயரால் பெரும் மரணச் சடங்கு நடத்தி வீதிப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் விளைவிக்க வேண்டாமென்று முன்னரே கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வாறே நடந்தது.