தங்கைக்காக எழுந்த மருத்துவமனை

எங்கள் தெருக்களில் யாருக்கேனும் புற்றுநோய் வந்துவிட்டால் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவரை அடையாறுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள் என்று மட்டும் சொல்வார்கள். நோயின் பெயரை வாயால் சொல்ல அஞ்சி, ஊரின் பெயரைச் சொல்கிறார்கள். அந்த அடையாற்று மருத்துவமனையைத் தோற்றுவித்தவர் ஒரு பெண்மணி. அவர்தாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். பாடநூலில் அவர் பெயரைப் படித்திருந்தும், அம்மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு தங்கையின் மரணம் இருக்கிறது என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இந்த ஆண்டுதான் அறிந்துகொண்டோம்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அந்நாளில் பெண்பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் பள்ளியை விட்டு நிறுத்திவிடுவது வழக்கம். முத்துலட்சுமியோ வீட்டிலிருந்தபடியே படித்து மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. அது ஆண்கள் படிக்கும் கல்லூரி. போதாக்குறைக்கு அவர் தாயின் குலத்தையும் சுட்டிக்காட்டினார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவற்றையெல்லாம் புறந்தள்ளி அனுமதி வழங்கினார். ஒரு மன்னரின் கையெழுத்து ஒரு பெண்ணுக்குக் கதவைத் திறந்தது! பெண்களுக்கென்றே கட்டிய பள்ளியில் சுகமாக அமர்ந்து படிக்கும் நாங்கள் இதைப் படித்தபோது சிறிது வெட்கப்பட்டோம்.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களில் குறுக்கிடக் கூடாது என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான் மணத்திற்கு இசைந்தாராம். அந்தக் காலத்தில் இப்படிக் கேட்க எவ்வளவு துணிவு வேண்டும்!

இப்படிப் புகழும் இல்வாழ்வும் ஒருசேர அமைந்திருந்த வேளையில்தான் அந்தத் துயரம் வந்தது. 1920-களின் தொடக்கத்தில் அவருடைய தங்கை நோய்வாய்ப்பட்டார். முதலில் அதை வயிற்றுக் கடுப்பு என்று எண்ணி மருந்து கொடுத்தார்கள். உண்மையில் அது குடலின் கீழ்ப்பகுதியில் வந்த புற்றுநோய். அது இன்னதென்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. இளவயதிலேயே தங்கை இறந்துபோனார்.

இந்த இடத்தில் நாங்கள் சற்று நின்று யோசித்தோம். கூடப் பிறந்த அக்காளே மருத்துவர், அத்தானும் மருத்துவர். பணத்திற்கோ அறிவுக்கோ குறைவில்லை. அப்படிப்பட்ட குடும்பத்திலேயே நோய் ஒளிந்திருந்தது என்றால், மருத்துவரையே கண்டறியாத ஏழை வீட்டுப் பெண்ணின் கதி என்ன? அம்மையாரின் நெஞ்சையும் இந்தக் கேள்விதான் அரித்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்று எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டர் விளக்கினார். சிறு கட்டி, ஆறாத புண், காரணமில்லாத இரத்தப்போக்கு என்று ஏதேனும் ஓர் அடையாளத்தைக் காட்டும், காட்டாமலும் இருக்கும். வலிக்காததால் நாம் அலட்சியமாக இருந்துவிடுகிறோம். வலி வரும்போது அது பல நேரங்களில் வேறு உறுப்புகளுக்கும் பரவிவிட்டிருக்கிறது.

1925-இல் அம்மையார் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். லண்டனில் புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை நெடுங்காலமாக இயங்கி வந்தது. நம் நாட்டிலும் அப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேர்விட்டது. ஆனால் தாயகம் திரும்பியதும் வேறு கடமைகள் அழைத்தன. சென்னைச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராகி, 1927-இல் அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அதற்கான சட்டம் 1947-இல் முழுமையாக நிறைவேறியது. 1930-இல் காந்தியடிகள் கைதானபோது பதவியைத் துறந்தார். போக்கிடமற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் கண்டார். இவை ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியவை. ஆகவே இங்கே விட்டுவிடுகிறோம்.

1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. அம்மேடையில்தான் புற்றுநோய்க்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற தம் ஆசையை அம்மையார் வெளியிட்டார். உடனே காரியம் ஆகிவிடவில்லை. பம்பாயில் 1941-இல் டாட்டா மருத்துவமனை எழுந்தது. சென்னையில் எதுவும் நடக்கவில்லை. இந்நோய் கண்டவர்கள் எப்படியும் இறந்துபோகிறவர்கள்தானே, அவர்களுக்கென்று ஒரு மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர்களிடமே இருந்தது. சிகிச்சைக்கு இடமில்லாததால் மக்கள் காலங்கடந்து வந்தார்கள். காலங்கடந்து வந்ததால் இறந்தார்கள். இறந்ததைக் காட்டியே இடமும் மறுக்கப்பட்டது. இந்த வட்டத்தை யாராவது ஓரிடத்தில் அறுக்க வேண்டியிருந்தது.

அம்மையார் மனம் தளரவில்லை. 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் பெயரால் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. அறுபது வயதைத் தாண்டிய மூதாட்டி, பிறர் நோய்க்காகக் கையேந்தினார். 1952 அக்டோபர் 10-ஆம் நாள் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் நாள் மருத்துவமனை திறக்கப்பட்டது. மொத்தம் பன்னிரண்டே படுக்கைகள்! எங்கள் வகுப்பறையில் இருக்கும் பெஞ்சுகளின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே பொறுப்பேற்றார். 1955-இல் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். அரசு மருத்துவமனைப் பதவியை வேண்டாமென்று விட்டு இங்கே வந்தவர் அவர். 2021-இல் இறக்கும்வரை அவர் இந்த மருத்துவமனையை விட்டுப் போகவில்லை. 1957-இல் கதிர்வீச்சு சிகிச்சைக்கான கோபால்ட் கருவியும் நிறுவப்பட்டது. பணமில்லை என்பதற்காக எந்த நோயாளியையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதை இவர்கள் கொள்கையாகவே வைத்துக்கொண்டார்கள். 1956-இல் இந்திய அரசு அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968 ஜூலை 22-ஆம் நாள், 82-ஆம் பிறந்தநாளுக்கு எட்டு நாள் முன்னதாக, அவர் மறைந்தார்.

நோயாளி வருவதற்காகக் காத்திராமல், மருத்துவமே ஊருக்குள் செல்வது அதற்கடுத்த படி. அதற்கு எங்களுக்குத் தெரிந்த ஓர் உதாரணம் திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது. 2000-ஆம் ஆண்டு முதல் அங்குள்ள கிராமங்களில் பயிற்சி பெற்ற செவிலியர்கள், 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று பரிசோதித்தார்கள். பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. காடியில் உள்ள அசெட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து தடவினால், கோளாறு உள்ள இடம் வெளுத்துக் காட்டும். அவ்வளவுதான். பரிசோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் இறப்பது, நடக்காத ஊர்களைவிட 35 விழுக்காடு குறைந்ததென்று 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் பரிசோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர்தாம்.

மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். களைக்கும் நடவுக்கும் போயிருப்பார்கள் என்றாள் ஒருத்தி. வெட்கம் என்றாள் இன்னொருத்தி. அப்போது எங்கள் தோழி ஒருத்தி, தன் பாட்டி மார்பில் வந்த கட்டியை ஓராண்டு காலம் மகளிடம்கூடச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்ததைச் சொல்லி அழுதாள். பாட்டி இப்போது இல்லை. அன்று அந்த வகுப்பில் அதற்குமேல் பாடம் நடக்கவில்லை.

அடுத்த வாரம் சிஸ்டரின் அனுமதியோடு, அன்னையர் அனைவருக்கும் கடிதம் எழுதினோம். பள்ளியில் நடக்கவிருக்கும் பரிசோதனை முகாமுக்குப் பெயர் கொடுக்குமாறு கேட்டிருந்தோம். எங்கள் வகுப்பில் 43 பேர். பெயர் கொடுத்த அம்மாக்கள் 17 பேர். மீதி 26 வீடுகளுக்கும் இரண்டிரண்டு பேராக நேரில் போய் வருவதென்று முடிவு செய்திருக்கிறோம். தன் அம்மாவின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்ட அந்தத் தோழியும் எங்களோடு வருகிறாள்.