ஐடா ஸ்கடர்

ஐடா சோஃபியா ஸ்கடர் (டிசம்பர் 9, 1870 - மே 1960) வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய அமெரிக்க மருத்துவரும் கிறித்தவ ஊழியரும் ஆவார். இராணிப்பேட்டையில் மருத்துவ ஊழியர் குடும்பமொன்றில் பிறந்தார்.

குடும்ப வழக்கப்படி இந்தியாவில் ஊழியம் செய்யும் எண்ணம் இளமையில் அவருக்கு இருக்கவில்லை. நோயுற்ற தாய்க்கு உதவத் திண்டிவனம் வந்திருந்தபோது, பேறுகாலத்தில் துன்புற்ற தம் மனைவியரைக் காக்குமாறு ஒரே இரவில் மூவர் அவரை அழைத்தனர். அவர்களுள் ஒருவர் பிராமணர், மற்றொருவர் இசுலாமியர். மருத்துவரான அவரது தந்தையை ஆண் என்பதால் மூவரும் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். இதுவே அவரது முடிவை மாற்றியது.

1899 இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900 இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் பணி தொடங்கினார். 1902 இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. கிராமங்களுக்குச் சென்று சாலையோரத்திலும் சிகிச்சை அளித்தார். எனினும் தாம் ஒருவரே மருத்துவம் பார்ப்பது போதாது என்று கருதி, 1909 இல் செவிலியர் பயிற்சியையும் 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். முதல் அணியில் பயின்று முடித்த 14 மாணவியரும் 1922 இல் தேர்ச்சியடைந்தனர். பெண்கள் தேறமாட்டார்கள் என்ற பரவலான ஐயத்துக்கு அது தக்க விடையாயிற்று.

பின்னர் பள்ளியைப் பட்டக் கல்லூரியாக உயர்த்த வேண்டிய நிலை வந்தது. ஆண்களையும் சேர்த்தாலன்றிப் போதிய நிதி கிட்டாது. பெண்களுக்கென்றே தொடங்கியவருக்கு இது கடினமான முடிவு. நெடுநாள் ஆதரவாளர் சிலரும் விலகினர். இருப்பினும் அவர் மாற்றத்தை ஏற்றார். 1947 இல் ஆண்கள் சேர்க்கப்பட்டனர். தலைமைப் பொறுப்பு, அவர் வாழ்நாளிலேயே இந்தியரான மருத்துவர் இல்டா லாசரசிடம் சென்றது.

ஐடா ஸ்கடர் திருமணம் செய்துகொள்ளவில்லை. கொடைக்கானலில் காலமானார்.