நோயாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

நோய் வந்தால் யாரிடம் போவது என்பது ஒரு கேள்வி. போன இடத்தில் கதவு திறக்காவிட்டால் யாரைக் கேட்பது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. இந்த இரண்டாவது கேள்விக்கு விடை கண்ட ஒரு சுரங்கத் தொழிலாளியின் வாழ்வைத் தோழர்களுக்கு இன்று எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

அவர் பெயர் அனூரின் பெவன். 1897-ல் தென் வேல்ஸில் ட்ரெடீகர் என்ற நிலக்கரி ஊரில் பிறந்தார். தந்தையும் சுரங்கத் தொழிலாளியே. பள்ளியை விட்டபோது பெவனுக்கு வயது 13. திக்குவாய் வேறு. இருட்டுக் குழியில் உழைத்துக்கொண்டே ஊர் நூலகத்தில் படித்தார். தொழிற்சங்க மேடையில் பேசிப் பேசியே நாக்கைப் பழக்கினார்.

தந்தையின் நுரையீரலைக் கரித்தூசி தின்றது. 1925-ல் அவர் மாண்டார். அந்த நோய் அன்று நஷ்டஈட்டுக்கு உரிய தொழில் நோய்களின் கணக்கில் இல்லை. ஆகவே குடும்பத்துக்குக் காலணாவும் இல்லை.

பிரிட்டனில் அப்போது இன்ஷூரன்ஸ் இல்லையா? இருந்தது! 1911-ல் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த சட்டப்படி வாரந்தோறும் தொழிலாளி 4 பென்ஸ், முதலாளி 3, சர்க்கார் 2 பென்ஸ் கட்டினார்கள். தொழிலாளிக்கு டாக்டர் உண்டு. அவன் மனைவி மக்களுக்கு இல்லை. பணத்தை நிர்வகித்த சங்கங்களில் பல, தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் அமைத்தவை. உறுப்பினர்களுக்கு அங்கே பேச்சுரிமை பெயரளவுக்குத்தான். திடகாத்திரமானவர்கள் நிறைந்த சங்கத்தில் உபரி சேர்ந்தது, பல் வைத்தியமும் கிடைத்தது. சுரங்கத் தொழிலாளர் சங்கத்திலோ நோய் அதிகம், நிதி குறைவு. தேவை மிகுந்தவனுக்கே கை வறண்டது!

ஆனால் ட்ரெடீகரில் தொழிலாளர்கள் வேறு வழி கண்டிருந்தார்கள். கூலியில் சில பென்ஸ் ஒதுக்கி, தாங்களே வைத்திய உதவிச் சங்கம் நடத்தினார்கள். டாக்டரை அமர்த்தியதும் அவர்கள் தேர்ந்தெடுத்த கமிட்டியே. குடும்பம் முழுவதற்கும் வைத்தியம் கிடைத்தது. ஊரின் இந்த ஏற்பாட்டையே நாட்டின் ஏற்பாடாக்கலாம் என்று பெவன் கண்டார்.

1929-ல் பார்லிமெண்ட் உறுப்பினரானார். 1945-ல் சுகாதார மந்திரி. 1946-ல் சட்டம் நிறைவேறியது. டாக்டர்கள் சங்கம் எதிர்த்தது. 1948 பிப்ரவரி வாக்கெடுப்பில் பத்தில் ஒன்பது டாக்டர்கள் மறுத்தார்கள். பெவன் அசையவில்லை. ஆனால் பெரிய டாக்டர்களை இணங்கவைக்க, சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே கட்டணப் படுக்கைகளை அனுமதித்தார். அந்த விட்டுக்கொடுத்தலை நாம் மறைக்க வேண்டியதில்லை.

1948 ஜூலை 5 அன்று திட்டம் தொடங்கியது. பெரும்பகுதிச் செலவு பொது வரியிலிருந்து. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் மக்கள் சொத்தாயின. அவற்றின் குறைகளுக்கு மந்திரி பார்லிமெண்டில் எழுந்து நின்று பதில் சொல்லியாக வேண்டும். 1951-ல் ஆயுதச் செலவுக்காகப் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் பாதி விலை வசூலிக்க அவருடைய கட்சி சர்க்காரே முனைந்தபோது, பதவியை உதறினார். 1960-ல் மறைந்தார்.

இன்றும் அங்கே சிகிச்சைக்குக் காத்திருப்போர் வரிசை நீளம்தான். தனியார் இன்ஷூரன்ஸ் வாங்கினால் விரைவாகப் போகலாம் என்கிறார்கள். வசதியுள்ளவர் போகலாம், வரிசையில் நிற்பவன் கதி? ஆஸ்பத்திரி சரியில்லையென்றால் மந்திரியைக் கேட்கலாம், தேர்தலில் இறக்கலாம். கம்பெனி கைவிரித்தால் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் அதன் டைரக்டர்களை மாற்ற நோயாளிக்கு வாக்கு இல்லை. அந்த வாக்கு பங்குதாரனிடம் இருக்கிறது.

பிரீமியம் ரசீது வாங்கியவன் வாடிக்கைக்காரன். கணக்குக் கேட்கிறவனே குடிமகன். இந்த வித்தியாசத்தைத் தொழிலாளித் தோழர்கள் மறக்கலாகாது.