சேவல் கிடைக்காத ஊர்



சீனாவில் போர்க்கதை எழுதியவர்கள் நிறையப் பேர். அதில் நான் சொல்லப்போவது சியாவ் ஹோங் என்ற பெண்ணைப் பற்றி. இயற்பெயர் சாங் நையிங்.

1911-ல் வடகிழக்குச் சீனாவில் ஹூலான் என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயசிலேயே அம்மா இறந்துட்டாங்க. அப்பாவுக்குப் பாசமே கிடையாது. தாத்தாதான் தோட்டத்தில் விளையாட விட்டு, பழைய கவிதை எல்லாம் சொல்லிக்கொடுத்து வளர்த்தார். இவருக்கு மேலே படிக்க ஆசை. வீட்டிலோ கல்யாணம் பேசி முடிச்சிட்டாங்க. ஓடிப்போனார். 1932-ல் ஹார்பின் நகரில், வயிற்றில் குழந்தையோடு, வாடகைப் பாக்கிக்காக ஓர் ஓட்டலில் மாட்டிக்கொண்டார். அப்போது வந்த பெருவெள்ளத்தில்தான் படகேறித் தப்பித்தார்.

அதற்குள் ஜப்பான் படை அந்தப் பகுதியைப் பிடித்துவிட்டது. 1934-ல் ஷாங்காய்க்குப் போனார். 1935-ல் இவரது நாவல் வந்தது. பெயருக்கு 'வாழ்வும் சாவும் நடக்கும் வயல்' என்று அர்த்தம். லூ ஷுன் முன்னுரை எழுதினார். அப்போது இவருக்கு 24 வயசு!

அதில் ஜப்பானை எதிர்த்துக் கிராமத்தார் சத்தியம் செய்யும் இடம் வரும். சத்தியத்துக்குச் சேவல் அறுக்கணும். ஊர் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. சரி, ஒரு நொண்டி விவசாயியின் கிழட்டு ஆட்டை வெட்டலாம் என்கிறார்கள். அவர் எங்கேயோ அலைந்து ஒரு சேவலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார். சத்தியம் செய்யாத ஒரே ஆள் அவர்தான். ஆனால் கடைசியில் அந்த ஆட்டையும் விட்டுவிட்டுப் போராளிகளைத் தேடிப் போகிறார். தேசப்பற்று என்றால் என்னன்னு எனக்கு இந்த இடத்தில்தான் புரிந்தது.

ஜின்ஜி என்று ஒரு பெண்ணும் வருகிறாள். பிழைக்க நகரத்துக்குப் போகிறாள். அங்கே அவளுக்குக் கொடுமை செய்தவன் ஜப்பான்காரன் இல்லை, சொந்த நாட்டுக்காரன். நாடு விடுதலை ஆனால் ஜின்ஜிக்கும் விடுதலை கிடைக்குமா? இதைப் போர் நேரத்தில் கேட்க எவ்வளவு தைரியம் வேணும்!

1938-ல் எழுத்தாளர்கள் கூட்டம் ஒன்றில், போர்முனைக்குப் போனால்தான் போரை எழுதலாம் என்பதில்லை, குண்டுக்குப் பயந்து ஒளிவதும் போர்க்கால வாழ்க்கைதான் என்று வாதாடினார். பிறகு ஹாங்காங் போய், 1940-ல் ஹூலான் ஊரைப் பற்றியே ஒரு நாவலை எழுதி முடித்தார். நாடு எரியும்போது தாத்தா தோட்டத்தைப் பற்றி எழுதுவதா என்று குறைப்பட்டவர்களும் உண்டு. நான் ஒத்துக்க மாட்டேன். பறிபோனது அந்த ஊர்தானே.

1941 டிசம்பரில் ஜப்பான் ஹாங்காங்கையும் பிடித்தது. இவருக்கு ஏற்கெனவே காசநோய். தொண்டையில் தேவையில்லாத ஆபரேஷன் வேறு செய்துவிட்டார்கள். பேச்சே போச்சு. 1942 ஜனவரி 22-ல், பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் அமைத்திருந்த தற்காலிக ஆஸ்பத்திரியில் இறந்தார். வயசு 30.

அஸ்தியில் பாதியைக் கடற்கரையோரம் புதைத்தார்கள். அதை 1957-ல் சீனாவின் குவாங்சோ நகருக்குக் கொண்டுபோனார்கள். மீதிப் பாதியைப் புதைத்தது அந்தப் பள்ளிக்கூடத்தில்தான்.