காயம் தைத்த கல்விமான் அஸ்ஸஹ்ராவி (ரஹ்)

கோவில்பட்டிக் கரிசல் சீமையில் பருத்தியையும் நூலையும் அறியாத வீடு இல்லை. சாக்குத் தைக்க ஒரு நூல், சட்டை தைக்க ஒரு நூல் என்று பார்த்தே எடுக்கிறோம். மனித உடம்பைத் தைப்பதற்கும் இப்படித் தேர்வு வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்த ஒரு மேதையின் வரலாற்றை இங்கே காண்போம்.

அபுல் காஸிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவி (ரஹ்) அவர்கள் அன்ஸாரிகளின் வழிவந்தவர்கள். ஸ்பெயினில் குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் கி.பி. 936ஆம் ஆண்டளவில் பிறந்தார்கள். தமது நீண்டகால வைத்திய அனுபவத்தை ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் 30 பாகக் கிதாபாக எழுதினார்கள். அதன் கடைசிப் பாகம் ரண சிகிச்சையைப் பற்றியது. சுமார் 200 கருவிகளின் படங்களும் அதில் உண்டு.

உடற்கூறு அறியாத ஒரு வைத்தியன், கழுத்துக் கட்டியை அறுக்கப்போய் இரத்தக் குழாய்களை வெட்டிவிட, ஒரு பெண் மாண்டதை அன்னார் கண்டார்கள். கல்வியின்றிக் கத்தியைத் தொடலாகாது என்று மாணவர்களை எச்சரித்தார்கள். கத்தியால் தன் தொண்டையை அறுத்துக்கொண்ட ஓர் அடிமைப் பெண்ணின் காயத்தை அன்னாரே தைத்தார்கள். குரல் சற்றுக் கம்மியதே தவிர, அவள் பிழைத்துக்கொண்டாள்.

இரத்தக் குழாயைக் கட்டப் பட்டு நூலையோ யாழ் நரம்பையோ எடுக்கச் சொன்னார்கள். காயம் ஆறுமுன் கட்டு இற்றுவிட்டால் இரத்தம் பெருகிவிடும் அல்லவா? கிழிந்த குடலுக்கோ, பிராணியின் குடலிலிருந்து சுரண்டி எடுத்த மெல்லிய இழை. அது உடம்போடு கரைந்துவிடும் தன்மையுடையது.

அன்னார் 1013ஆம் ஆண்டளவில் மறைந்தார்கள். பிறந்த நகரம் பாழானது. கிதாபோ 12ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குச் சென்று, பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவுக்குப் பாடமாயிற்று. குடல் இழையைக் கிருமி நீக்கிப் பயன்படுத்தும் முறையை 19ஆம் நூற்றாண்டில் லிஸ்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் வகுத்தார்.

‘கேட்கட்’ எனப்படும் அந்த இழை பூனைக் குடலன்று. ஆடு, மாடுகளின் குடலில் செய்யப்படுவது. இன்று தானே கரையும் செயற்கை இழைகளே பெரிதும் புழங்குகின்றன. ஆகவே, எந்தப் பிராணியின் நூலோ என்று மனம் கலங்கி அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவது முறையன்று. சந்தேகமிருந்தால் டாக்டரிடமே கேட்டுத் தெளியலாம். தோலில் போட்ட கரையாத தையலை, அவர் சொன்ன நாளில் அவரிடமே பிரித்துக்கொள்ள வேண்டும்.

உயிரைக் காப்பதும் அமானிதமே. அந்த அமானிதத்தைப் பேணிய அப்பெரியாருக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக! ஆமீன்.