விரல்மாலை அணிந்தவர்

கொட்டாஞ்சேனையில் பொன்னம்பலவாணேசர் ஆலயமும் புனித லூசியா பேராலயமும் தீபதுத்தமாராம விகாரையும் ஓர் அயலிலேயே அமைந்தவை. அங்கு வாழும் தமிழருக்குப் பிரித் ஓதும் ஒலி புதியதன்று. கருவுற்ற தாய்மாரின் நலம் வேண்டி இலங்கைப் பௌத்தர் ஓதுவிக்கும் பிரித் ஒன்றுண்டு. அது ஒரு கொலைஞனின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவனே அங்குலிமாலன். மஜ்ஜிம நிகாயத்தின் 86ஆம் சூத்திரம் அவன் வரலாற்றை உரைக்கின்றது.

கோசல நாட்டில் அந்தணர் குலத்திற் பிறந்தவன் அவன். இளமைப் பெயர் அகிம்சகன் என்றும், சக மாணாக்கரின் கோள்மொழியை நம்பிய தட்சசீல ஆசிரியர் ஆயிரம் விரல்களைக் குருதட்சணையாகக் கேட்டார் என்றும் பிற்கால உரைகள் கூறும். கொன்றோரின் விரல்களைக் கோத்து மாலையாக அணிந்தமையால் அங்குலிமாலன் எனப்பட்டான். அவனுக்கு அஞ்சி ஊர்கள் பாழாயின. நாற்பதின்மர் கூடிச் சென்றும் தப்பவில்லை.

அவ்வழியே புத்தர் தனியே சென்றார். ஆயர் தடுத்தும் கேளாராயினார். வாளேந்தி விரைந்தோடியும், மெல்ல நடந்த அவரை அவனால் எட்ட இயலவில்லை. நிற்குமாறு கூவினான். தாம் என்றோ நின்றுவிட்டதையும், உயிர்க்கொலையினின்று இன்னும் நில்லாதவன் அவனே என்பதையும் அவர் உணர்த்தினார். அவன் படைக்கலத்தை எறிந்து, அவரடி பணிந்து, துறவு பூண்டான்.

அவனைப் பிடிக்க ஐந்நூறு குதிரை வீரருடன் புறப்பட்ட பசேனதி மன்னன், ஜேதவனத்தில் அங்குலிமாலரைத் துறவியாகக் கண்டு நடுங்கினான். பின்னர் வணங்கிச் சென்றான்.

ஒருநாள் பிச்சைக்குச் சென்ற அங்குலிமாலர், மகப்பேற்று வேதனையில் தவித்த பெண்ணொருத்தியைக் கண்டு உருகினார். பிறந்தநாள் முதலாகத் தாம் அறிந்து ஓருயிரையும் கொன்றதில்லை என்னும் வாய்மையால் அவளுக்கு நலம் விளைக எனக் கூறுமாறு புத்தர் பணித்தார். அது பொய்யாகுமே என அவர் தயங்கினார். அறநெறியிற் பிறந்தநாள் முதலாக எனப் புத்தர் மாற்றியுரைத்தார். அவ்வாறே மொழிய, தாயும் சேயும் நலமுற்றனர்.

அத்தயக்கமே அவரது மீட்சிக்குச் சான்று. பழைய கொலைகளை மறைத்துவிட்டு அவர் அருளாளராகவில்லை.

அருகத நிலை எய்திய பின்னரும் கல்லும் கோலும் அவர்மேல் விழுந்தன. தலை உடைந்து, பிச்சைப் பாத்திரம் நொறுங்கி, ஆடை கிழிந்து மீண்டார். முன்வினையின் பயனை இம்மையிலேயே நுகர்வதாகக் கொண்டு பொறுக்குமாறு புத்தர் கூறினார். அங்குலிமாலர் பொறுத்தார். எறிந்தோருள் தந்தையை இழந்தாரும் மகனை இழந்தாரும் இருந்திருத்தல் கூடும். மன்னன் மன்னித்தான் என்பதற்காக அவர்தம் துயர் ஆறிவிடுமா? அதனை அவர் அறிந்திருந்தார்.

உயிர்களைப் பறித்த அவரது வாய்மொழி, இன்றும் உயிர்கள் நலமே பிறத்தற்பொருட்டு ஓதப்படுகின்றது.